கோல்ப் ஆட்டமும் நம்மவரும்

பொகவந்தலாவையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடு அண்மையில் ஒரு மாலைப்பொழுது உரையாட நேர்ந்தது. பேச்சு விளையாட்டின் பக்கம் திரும்பிற்று. கிரிக்கெட் ஆட்டத்தின் நுட்பங்களை அவர்கள் விரல்நுனியில் வைத்திருந்தனர், உதைபந்தாட்டத்திலும் அவ்வாறே. "கோல்ப்பைப் பற்றி ஏதேனும் தெரியுமா?" என்று கேட்டேன். சிரிப்பு எழுந்தது. "அது துரைமார் ஆட்டம், சேர். நமக்கு எதற்கு?" என்றான் ஒருவன்.

அவன் சொன்னது பொய்யன்று. எனினும் பாதி உண்மையே. துரைமார் ஆடினார்கள், மெய்தான். அவர்களுடைய மட்டைப் பையைத் தோளில் சுமந்து, பந்து விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துவைத்து, இன்ன தூரத்துக்கு இன்ன மட்டை என்று எடுத்து நீட்டியவர் யார்? புல்லை வெட்டிச் சீர்செய்தவர் யார்? நம்மவர் பலர் அவ்வேலைகளைச் செய்திருக்கின்றனர். ஓர் ஆட்டத்தை ஆயிரம் முறை அருகில் நின்று பார்த்தவனை அதற்கு அந்நியன் என்று எப்படிச் சொல்வது? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

என் தாய்மாமன் ஒருவர் 1960களில் நுவரெலியாவில் அத்தொழில் செய்துவந்தார். அத்தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால், பொலிசார் குறித்துவைத்துள்ள போக்கிரியைச் சுட்டும் 'கேடி' ஆகிவிடுகிறது. ஆகவே பை சுமப்பவர் என்றே எழுதுகிறேன். தீபாவளிக்கு அவர் எங்கள் லயத்துக்கு வரும்போது கொய்யாக் கம்பொன்றை வளைவு பார்த்து வெட்டி என் கையில் தருவார். துரைமார் தேடிக் கைவிட்ட பழைய பந்து ஒன்றும் அவர் சட்டைப்பையில் இருக்கும். லயத்து வாசலில் எனக்குப் பாடம் நடக்கும். மேட்டை நோக்கி அடித்த பந்து மீண்டும் என் காலடிக்கே உருண்டு வரும். பள்ளத்தை நோக்கி அடித்தாலோ தேயிலைக்குள் போய் மறையும். இவ்வளவே என் கோல்ப் அனுபவம். ஆயினும் ஆட்டத்தின் இலக்கணம் அன்றே ஓரளவு புரிந்துவிட்டது.

'கோல்ப்' என்பது நம் 'கோல்' என்ற சொல்லினின்று பிறந்ததே என நிறுவ யாரேனும் அன்பர் புறப்படுமுன், கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன், வேண்டாம். அது ஸ்கொத்லாந்தின் கடற்கரை மணற்பரப்பில் வளர்ந்த ஆட்டம். 1457ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதனைத் தடைசெய்தது. குடிமக்கள் வில்வித்தைப் பயிற்சியை மறந்து இதிலே மயங்கிக் கிடந்தார்களாம்! சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு அது பொதுமக்களின் ஆட்டமாயிருந்தது என்பதை அந்த மாணவன் அறிந்திருந்தால் அப்படிச் சிரித்திருக்க மாட்டான். கோல்ப்பின் தாயகமாகப் போற்றப்படும் சென் அன்றூஸ் நகரத்துப் பழைய மைதானம் இன்றும் பொதுநிலமே.

கடல் கடந்து வந்தபோதுதான் அதற்கு வேலி முளைத்தது. கொழும்பில் 1879ஆம் ஆண்டில் ஒரு கழகம் தோன்றிற்று. முதலில் காலிமுகத் திடலில் ஆடிப் பின்னர் பொரளைப் பக்கம் குடிபெயர்ந்தது. நுவரெலியாக் கழகம் 1889இல் தொடங்கப்பெற்றது. பிதுருதலாகலை மலையின் அடிவாரத்தில், நகரின் நடுவே அதன் பசும்பரப்பு விரிந்து கிடப்பதை அவ்வழியே சென்றோர் யாவரும் பார்த்திருப்பர். மலைநாட்டுத் தோட்டத்துரைமாருள் ஸ்கொத்லாந்தியர் மிகுதி என்பதற்கு எங்கள் பள்ளத்தாக்கின் தோட்டப்பெயர்களே சாட்சி. பொகவந்தலாவையில் கெர்க்கஸ்வோல்ட் என்றொரு தோட்டம் உண்டு. அதே பெயருடைய சிற்றூர் ஒன்று ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையோரத்திலும் இருக்கிறது. அதன் அயலிலுள்ள டர்ன்பெரி மைதானத்தில் 1977, 1986, 1994, 2009 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானியப் பகிரங்கப் போட்டி நடைபெற்றது. கெர்க்கஸ்வோல்ட் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இச்செய்தியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கிட்டிப்புள் ஆடியவர்க்கு இதனைச் சொல்வது எளிது. கிட்டிப்புள்ளில் புள் எவ்வளவு தூரம் பறக்கிறதோ அவ்வளவு வெற்றி. கோல்ப்பில் தூரம் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது. அதனை எத்தனை குறைந்த அடிகளில் கடக்கிறோம் என்பதே கணக்கு. தொடக்கமேடையில் பந்தை வைத்து அடித்து, அது விழுந்த இடத்துக்கு நடந்து, அங்கிருந்து மீண்டும் அடித்து, ஈற்றில் நாலேகால் அங்குல விட்டமுள்ள குழிக்குள் அதனை விழச்செய்ய வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரருக்கு இத்தனை அடி என்று 3, 4 அல்லது 5 என ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதனைப் 'பார்' என்பர். ஓரடி குறைத்து முடித்தால் அதற்குக் குருவிப்பெயர், 'பேர்டி' என்கிறார்கள். ஓரடி கூடினால் 'போகி'. நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் உறவில்லை.

பையில் பதினான்கு மட்டைகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது. முகம் நிமிர்ந்த மட்டை பந்தைத் தாழ்வாகவும் தொலைவாகவும் செலுத்தும். முகம் சாய்ந்தது உயர எழுப்பி அருகே இறக்கும். புதிதாகக் கற்பவர் எல்லோரும் செய்யும் தவறு, பந்தை மேலே எழுப்புவதற்காக அதனை அடியிலிருந்து அள்ளப் பார்ப்பது. அள்ளினால் மட்டை மண்ணில் மோதும். அல்லது பந்தின் தலையைத் தட்டிச் செல்லும். சாய்ந்த மட்டையைக் கீழ்நோக்கி இறக்கினால் பந்து தானாகவே எழும். "மருமகனே, நீ தூக்காதே. தூக்குறது மட்டையோட வேலை" என்பார் மாமன். பிடியும் அப்படியே. வலக்கையர் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழுமாக வைத்து, குருவிக் குஞ்சைப் பிடிப்பதுபோல் மெதுவாகப் பிடித்தல் வேண்டும். கைகளால் அடிப்பதைவிட உடலைத் திருப்பி வீசுவதே வலிமை தரும். பந்தின் மேனியெங்கும் அம்மைத் தழும்புபோல் காணும் சிறு பள்ளங்கள் அழகுக்காக இட்டவை அல்ல. அவை காற்றின் இழுப்பைக் குறைக்கின்றன. வழுவழுப்பான பந்து ஏறக்குறைய பாதித் தூரம்தான் செல்லும். பௌதிக ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

நான் மிகவும் வியந்தது குழியைச் சூழ்ந்த கட்டைப்புல் தரையில் நடப்பதைத்தான். அங்கே பந்தை அடிப்பதில்லை, உருட்டுகிறார்கள். மொத்தப் பார் 72 ஆயின், குழிக்கு இரண்டு உருட்டல் என்று 36 அடிகள் அத்தரைக்கே போய்விடும். அதாவது ஆட்டத்தின் பாதி! அந்தப் பாதிக்கு உடல்வலிமை வேண்டியதில்லை. சரிவை வாசிக்கத் தெரிந்தால் போதும். கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் தரை சமமாயிராது. தண்ணீர் எப்பக்கம் ஓடும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய மனிதனுக்கு இதனை யார் கற்பிக்கவேண்டும்? மாமன் ஒரு பார்வையில் "இடப்பக்கம் ஒரு சாண்" என்பாராம். துரை அதைக் கேட்டு உருட்டுவார். பந்து குழியில் விழும். கைதட்டல் துரைக்கு.

இவ்வாட்டத்தில் எனக்கு உறைத்த வேறொன்றும் உண்டு. கோல்ப்பில் ஆடுபவன் தன் அடிகளைத் தானே எண்ணுகிறான். ஒவ்வோர் அடிக்கும் அருகே நின்று கண்காணிக்கும் நடுவர் எவரும் இல்லை. 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பொபி ஜோன்ஸ், தம் பந்து சிறிது அசைந்ததாகத் தாமே முறையிட்டுத் தம்மேல் ஓரடி சுமத்திக்கொண்டார். வேறெவரும் அதனைக் காணவில்லை. போட்டி சமனாகி, மீளாட்டத்தில் ஓரடியால் தோற்றார். அதனை வாசித்தபோது என் தாயார் நினைவுக்கு வந்தார். நாள் முழுதும் பறித்த கொழுந்தைத் தராசில் வைத்துவிட்டு, வேறொருவர் சொல்லும் எடையை வாய்மூடிக் கேட்டுக்கொண்டு வருவார். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்தது போக மிஞ்சியதே அவர் கணக்கு. தன் உழைப்பைத் தானே எண்ணிச் சொன்னால் உலகம் நம்பும் என்ற நிலையை அவர் ஒருநாளும் அறிந்ததில்லை. அத்தகைய நம்பிக்கையை விளையாட்டுத் திடலில் ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொண்ட ஒரு சமூகம், தராசடியில் அதனை ஏன் வழங்கவில்லை?

சலுகை அடிகள் என்ற ஏற்பாடும் இத்தகையதே. தேர்ந்தவனும் புதியவனும் ஒன்றாக ஆடும்போது, புதியவனுடைய தரத்துக்கேற்ப இத்தனை அடிகளை அவன் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். 2020 முதல் இதற்கு உலகெங்கும் பொதுவான முறை நடைமுறைக்கு வந்தது. 54 அடிவரை சலுகை உண்டு. சமமற்றவர் சமமாக நின்று ஆட இவ்வளவு நுணுக்கமான வழியை வேறெந்த விளையாட்டில் கண்டீர்கள்?

பை சுமந்தவர் ஆடவும் வல்லவரா என்று ஐயுறுவோர்க்கு மூவரைக் காட்டுவேன். தென்னாபிரிக்காவின் டேர்பனில் பை சுமந்து வளர்ந்த இந்திய வம்சாவளியினர் பாப்வா செவ்கோலம். வலக்கையராயிருந்தும் வலக்கையை மேலும் இடக்கையைக் கீழுமாகப் பிடித்தார். மேலே நான் எழுதிய இலக்கணத்துக்கு நேர்மாறு! அப்பிடியோடு 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒல்லாந்துப் பகிரங்கப் பட்டத்தை வென்றார். 1963இல் சொந்த நாட்டில் நேற்றால் போட்டியில் வென்றபோது, நிறவெறிச் சட்டத்தால் கழகக் கட்டடத்துள் நுழையவிடாது, மழையில் நிற்கவைத்தே பரிசளித்தார்கள். பெங்களூரில் பை சுமந்த சி. முனியப்பா 2009இல் இந்தியப் பகிரங்கப் பட்டம் வென்றார். டில்லியில் அதே தொழிலிலிருந்து வந்த அலி ஷேர் 1991இலேயே அதனை வென்றிருந்தார். நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் என். தங்கராஜாவும் இந்தியச் சுற்றில் பட்டங்கள் பெற்றவர் என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். "வீட்டுக்கு ஏழு பேர்ச் நிலத்துக்கே மக்கள் காத்துக்கிடக்கையில் கோல்ப்பா?" என்று நண்பர் கேட்பர். நியாயமான கேள்வி. பதினெட்டுக் குழிக்குப் பெரும்பாலும் நூறு ஏக்கருக்குமேல் வேண்டும். நூறு ஏக்கர் என்பது 16,000 பேர்ச். ஏழேழாகப் பிரித்தால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மனை. ஆதலின் மலையகத்தில் புதிய மைதானம் வெட்டவேண்டும் என்று எவர் சொன்னாலும் முதலில் எதிர்ப்பவன் நானாயிருப்பேன். நான் கேட்பது இருப்பதன் கதவைத் திறக்குமாறே. உறுப்பினர் வராத வாரநாட் காலைகளில் சில மணிநேரம் அயற் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தரப்பட்டால் புல் தேய்ந்துவிடாது. அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆட்டத்தின் பாதி உருட்டலே என்றேன் அல்லவா? பாடசாலை முற்றத்தின் ஒரு மூலையில் புல்லை ஒட்ட வெட்டி, ஒரு தகரக் குவளையைப் புதைத்தால் அப்பாதியைத் தொடங்கிவிடலாம்.

கற்பிக்க ஆள்? அவர்கள் லயங்களில் இருக்கிறார்கள், முதியவர்களாகிவிட்டார்கள். என் மாமன் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. பந்து மணற்குழியில் புதைந்தால் ஒரு சொல், புல்நுனியில் தங்கினால் ஒரு சொல், சரிவில் திரும்பினால் ஒரு சொல் என்று அவர் வாயில் தமிழ்ச் சொற்கள் இருந்தன. நான் ஒன்றையும் எழுதிவைக்கவில்லை. தமிழாசிரியனாயிருந்தும் எழுதிவைக்கவில்லை. இதனை வாசிக்கும் ஆசிரியர் எவரேனும் இரண்டு மாணவரையும் ஒரு கொப்பியையும் கொண்டு நுவரெலியாவுக்குப் பேருந்து ஏறுவாரானால், அம்மைதானத்தின் அயலிலே பை சுமந்த முதியவர் ஒருவரைக் கண்டு, "ஐயா, முதல் குழியிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுத் தொடங்கலாம்.