காஸ்பாவை உலுக்கியது எது? இசைக் காணொளிகளும் நம் குறியீட்டு வேட்டையும்

ஏக இறைவனின் திருப்பெயரால்…



மேலைநாட்டு இசைக் காணொளிகளில் ஒளிந்திருக்கும் ‘இரகசியக் குறியீடு’களைக் கண்டுபிடிப்பது அண்மைக் காலமாக நம் சமுதாயத்தில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. ஒரு பாடகர் கையால் ஒரு கண்ணை மறைத்தால் அது தஜ்ஜாலின் அடையாளம். மேடையில் முக்கோணம் தெரிந்தால் அது இரகசியச் சபையின் முத்திரை. வாட்ஸ்அப் குழுமங்களில் நாள்தோறும் வந்து விழும் இச்செய்திகள் சில பயான்களிலும் எதிரொலிக்கின்றன. நாம் இப்போக்கினை மறுக்கிறோம். இசைக்காகப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. மார்க்கத்தின் கண்ணியத்திற்காகவே பேசுகிறோம்.

தஜ்ஜாலைக் குறித்த நபிமொழிகள் மீது நமக்கு உறுதியான ஈமான் உண்டு. ஆனால் அந்த ஈமானைத் திரைப் படங்களில் புதிர் தேடும் விளையாட்டாக்க எவருக்கும் உரிமையில்லை. அறிவில்லாத ஒன்றின் பின்னே செல்லலாகாது என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. எதைப் பார்த்தோம் என்பதோடு, பார்த்ததைப் பற்றிப் பிறரிடம் என்ன சொன்னோம் என்பதும் அவ்விசாரணையில் அடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்குவோம். இங்கிலாந்தின் ‘தி கிளாஷ்’ என்னும் ராக் இசைக்குழு 1982ஆம் ஆண்டு வெளியிட்ட பாடல் ‘ராக் தி காஸ்பா’. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் இசைக்கு விதிக்கப்பட்ட தடையே இதற்குத் தூண்டுதல் என்பது பரவலாக அறியப்பட்டது. இசையைத் தடுக்கும் ஆட்சியாளர் ஒருவரை மக்களும் படைவீரர்களும் மீறுவதே பாடலின் கதை. இதன் காணொளியை டான் லெட்ஸ் என்னும் இயக்குநர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் படமாக்கினார். அரபு உடையணிந்த ஒருவரும் யூத சமயத்தவர் ஒருவரும் ஒரே காரில் இசை நிகழ்ச்சிக்குச் செல்கின்றனர். இடையிடையே, எண்ணெய் இறைக்கும் இயந்திரத்தின் முன் இராணுவ உடையில் குழுவினர் பாடுகின்றனர். ஆர்மடில்லோ என்னும் ஓடு போர்த்திய சிறு விலங்கு ஒன்று குறுக்கே ஓடுகிறது.

குறியீட்டு வேட்டையர் கையில் இக்காணொளி கிடைத்தால் என்ன ஆகும்? இசைக் கலைஞர் ஒருவரின் முகத்தை மறைக்கும் வலை தஜ்ஜாலின் திரையாகும். ஆர்மடில்லோ ஏதோ ஒரு ஷைத்தானிய விலங்காகும். உண்மையில் அவ்வலை படைவீரரின் மறைப்பு உடையைச் சேர்ந்தது. ஆர்மடில்லோ டெக்சாஸ் மாநிலத்தின் செல்ல அடையாளம். ஆஸ்டினில் அதன் பெயரையே தாங்கிய புகழ்பெற்ற இசை அரங்கம் ஒன்று 1980 வரை இயங்கியது. ஊரை அறிந்தவர் ஒரு நொடியில் விளங்கிக்கொள்வதை, அறியாதவர் சதியாகக் காண்கிறார்.

இவ்வேட்டையின் பெரும் தீங்கு வேறொன்று. இல்லாத மறைபொருளைத் தேடுபவரின் கண்ணுக்கு, ஒளிவு மறைவின்றித் திரையில் நிற்கும் பொருள் தெரிவதில்லை.

அப்பொருள் யாது? முதலாவது, வேடம். காஸ்பா என்பது ‘கஸபா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கோட்டையையும் கோட்டை சூழ்ந்த பழைய நகரையும் குறிப்பது. அல்ஜியர்ஸ் நகரத்து காஸ்பா, 1957இல் பிரெஞ்சுப் படையினரின் முற்றுகையிலும் சோதனைகளிலும் துன்புற்ற மக்களின் வாழிடம். இப்பாடலிலோ அல்ஜீரியக் கோட்டையும், ஈரானியத் தடையும், அரபு ஷைகும், இந்திய ராகமும் ஒரே பானையில் கொட்டிக் கிளறப்படுகின்றன. ஈரானியர் அரபியர் அல்லர் என்பதுகூட அங்கு பொருட்டில்லை. காணொளி இக்கலவைக்குத் தலைத்துணி, நீண்ட அங்கி, எண்ணெய்க் கிணறு என்னும் மூன்று அடையாளங்களைச் சூட்டுகிறது. 1973 எண்ணெய்த் தடைக்குப் பின் மேலைநாட்டுக் கேலிச் சித்திரங்களில் நிலைத்துவிட்ட ‘எண்ணெய் ஷைக்’ உருவமே இது. பல மொழிகளும் பல நாடுகளும் கொண்ட ஓர் உம்மத் ஓர் உடையாகச் சுருக்கப்படுகிறது.

இரண்டாவது, சமாதானத்தின் விலை. அரபியரும் யூதரும் தோழமை கொள்வது நல்லதன்றோ என்று கேட்கலாம். நல்லதே, அண்டை வீட்டாரின் உரிமையைக் கற்பிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆனால் அவர்களை இணைப்பவை எவை? பீர், ஹம்பர்கர் கடை, சொகுசுக் கார், ஆட்டம். முஸ்லிம் மதுவைத் தொடுகிறார். யூதர் தம் உணவுச் சட்டத்தைப் பொருட்படுத்தாமல் உலவுகிறார். தடைகளை உடைப்பதே நோக்கம் என்று இயக்குநரே கூறியிருக்கிறார். இருவரும் தத்தம் நெறியைப் பேணியவாறே நண்பராக முடியும் என்னும் எண்ணத்திற்கு அக்காரில் இருக்கை இல்லை. மார்க்கத்தைக் கழற்றி வைத்தால்தான் மனிதர் ஒன்றுபடுவர் என்னும் இப்போதனை எந்தக் கண் குறியீட்டினும் ஆழமாக நம் பிள்ளைகளின் உள்ளத்தில் இறங்கக்கூடியது.

நீதி பேணுவதும் நம் கடமை. பாடலை எழுதிய ஜோ ஸ்ட்ரம்மர் முஸ்லிம்களின் பகைவர் அல்லர். வல்லரசுகளின் போர்களை எதிர்த்தவர். அவருடைய பாடலில் வரும் விமானிகள் குண்டு வீசும் ஆணைக்குப் பணிவதில்லை. ஆயினும் 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்கப் படையினரின் வானொலியில் ஒலித்தது இப்பாடல்தான். ஈராக் மீது வீசப்படவிருந்த குண்டு ஒன்றில் இதன் தலைப்பு எழுதப்பட்டிருந்ததாகவும், அதையறிந்த ஸ்ட்ரம்மர் மனம் நொந்ததாகவும் அக்குழுவினரின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 2001 செப்டம்பர் 11க்குப் பின்னரோ, கிளியர் சேனல் என்னும் அமெரிக்க வானொலி நிறுவனத்தினுள் சுற்றுக்கு வந்த, ஒலிபரப்ப ஏற்றதல்லாத பாடல்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. ஒரு சமுதாயத்தை வெறும் வேடமாகச் சுருக்கி விட்டால், அவ்வேடத்தை நகைப்பவனும் பயன்படுத்துவான். குண்டு வீசுபவனும் பயன்படுத்துவான். படைத்தவரின் நல்லெண்ணம் அதனைத் தடுப்பதில்லை.

அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ரஷீத் தாஹா என்னும் பாடகர் 2004இல் இதே பாடலை அரபு மொழியில் பாடினார். அவருடைய இசையை நாம் பரிந்துரைக்கவில்லை. ஆனால் தம்மைப் பற்றிப் பிறர் புனைந்ததைத் தம் மொழிக்கே திருப்பி எடுத்துக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. நம்மவரிடம் இருப்பதோ, முன்வந்த செய்தியைப் பின்னனுப்பும் விரல் மட்டுமே.

“இசையே கூடாது எனும்போது இவ்வாராய்ச்சி எதற்கு?” என்று சிலர் வினவலாம். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்பிசைக் கருவிகளைத் தடுத்துள்ளனர். அத்தீர்ப்பை நாம் தளர்த்த வரவில்லை. ஆயினும் பிள்ளைகளின் கைப்பேசி நம் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. கண் குறியீட்டுக் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, அது பொய்யென்று ஒருநாள் தானே அறியும்போது, சொன்னவரின் ஏனைய சொற்களையும் ஐயுறும். தஜ்ஜாலைக் குறித்த மெய்யான எச்சரிக்கையும் அப்பொய்யுடன் சேர்ந்து உதிர்ந்துவிடும். இதுவே நம் அச்சம்.

ஆகவே பெற்றோருக்கு நம் வேண்டுகோள் இதுதான். பிள்ளை பார்த்த ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அதில் ஒளிந்திருப்பது என்ன என்று கேளாதீர்கள். இதில் நம்மவர் எவ்வாறு காட்டப்படுகிறார்? எது மகிழ்ச்சியாகக் காட்டப்படுகிறது? அதற்காக எவர் எதனைக் கைவிடுகிறார்? இம்மூன்றையும் கேளுங்கள். விடையைப் பிள்ளையே சொல்லட்டும். உறுதி செய்யாத செய்தியைப் பரப்புவது குறித்து அல்ஹுஜுராத் அத்தியாயம் விடுக்கும் எச்சரிக்கை பிறர் தரும் செய்திக்கு மட்டுமன்று, நம் குழுமத்துச் செய்திக்கும் பொருந்தும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

உண்மையை உண்மையாகவே காணும் பார்வையை வல்ல இறைவன் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.