மேகத்தில் உழைப்பாளியின் கணக்கு

தொழிலாளியின் சேமநிதிக் கணக்கு முதலான பதிவேடுகளை உலகெங்கும் ‘மேகத்துக்கு’ மாற்றி வருகிறார்கள். அந்த மேகம் வானத்தில் இல்லை, தோழர்களே! கோவளத்தை அடுத்த சிறுசேரியில் நிற்பவை போன்ற கட்டிடங்களில், கம்பெனிகளின் கணிப்பொறிகளில் இருக்கிறது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்ததென்ன? யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் மேகக் கணக்கே கூகுள் கம்பெனியின் தவறால் அழிந்தது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் சுமார் ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க இயலாமல் தவித்தனர். வேறு கம்பெனியிடம் இருந்த நகலும் மீட்புக்குக் கைகொடுத்தது.

புதுமையை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய பதிவேட்டை மூடுமுன் ஒவ்வொரு பெயரும், ஒவ்வொரு காசும் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். உறுப்பினர் எண் பிசகினால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் பெயரில் ஏறிவிடும்! நகல் வேறிடத்தில் இருந்தே தீரவேண்டும். சங்கங்கள் இதை இன்றே கேட்கட்டும்!