நிற்கும் வண்டிக்கு யார் விசிறுவது?

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் கிராமத்துச் சாலையில் பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மணிக்கு 50 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வெப்பமானி முள் நடுவிலிருந்து அசையவில்லை. ஊருக்குள் நுழைந்து, சாலைப் பணிக்காக வைத்த தற்காலிக சிக்னலில் நின்றதும் கதை மாறுகிறது. முள் ஏறுகிறது. ஓட்டுகிறவர் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அந்த வெயிலிலும் ஹீட்டரைப் போடுகிறார். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தானே! எஞ்சினின் சூடு கொஞ்சம் அவர் கால்களுக்கு வருகிறது, முள் அரை விரல் இறங்குகிறது. எஞ்சினை மாற்றி அமைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தத் தந்திரம் கைவந்த கலை. நல்ல மின்விசிறி ஒன்று இருந்தால் அவர்கள் கால் வேக வேண்டியதில்லை.

எம்ஜிபி 1962-இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் பிறந்தது. அதன் 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினின் திறன் ஏறத்தாழ 95 குதிரைத்திறன். அமெரிக்காவில் பியூக் நிறுவனம் சில ஆண்டுகளே பயன்படுத்திக் கைவிட்ட அலுமினிய வி8 எஞ்சினின் உரிமையை ரோவர் வாங்கியபோது, அது எம்ஜிபிக்குள் போகும் என்று யாரும் திட்டமிட்டிருக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ என்பவர் அதைச் செய்து விற்றுக் காட்டினார். எம்ஜிபியைத் தயாரித்த நிறுவனமும் பின்தொடர்ந்தது. 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்ற பெயரில் 2,591 வண்டிகள் வந்தன. திறன் 137 குதிரைத்திறன். அன்று தொடங்கிய ஆசை இன்னும் ஓயவில்லை. பழைய எம்ஜிபியில் 3.9 லிட்டர் ரோவர் எஞ்சினை ஏற்றி, திறனை முதலில் இருந்ததைப் போல இரண்டு மடங்காக்கிக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு.

திறன் கூடினால் சூடும் கூடும். பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகிறது, ஒரு பங்கு சைலன்ஸர் வழியாக வெளியேறுகிறது, மீதி ஒரு பங்கைக் குளிர்நீர் சுமக்க வேண்டியிருக்கிறது என்பது எஞ்சின்காரர்களின் தோராயக் கணக்கு. வி8 எஞ்சினோ பானெட்டுக்கு அடியில் இருந்த இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. வாட்டர் பம்ப்பின் முகப்பில் பழையபடி பெல்ட் விசிறி வைக்க இடமில்லை. அதனால்தான் ஜிடி வி8-இல் ரேடியேட்டரை முன்னே தள்ளி, அதற்கும் முன்னால் இரண்டு மின்விசிறிகளை வைத்தார்கள் ஆபிங்டன்காரர்கள்.

இடம் கிடைத்தாலும் பெல்ட் விசிறிக்கு அடிப்படையான ஒரு குறை உண்டு. எஞ்சின் வேகம் இரண்டு மடங்கானால் விசிறி விழுங்கும் திறன் எட்டு மடங்காகிறது. வண்டி பறக்கும்போது முன்னாலிருந்து வரும் காற்றே போதும். அப்போது பார்த்து அது முழு மூச்சாகச் சுழல்கிறது. சிக்னலில் நிற்கும்போது, காற்று தேவைப்படும் அந்த நேரத்தில், சோம்பலாகச் சுற்றுகிறது. மின்விசிறி நேர்மாறு. வேண்டியபோது மட்டும், எஞ்சின் வேகத்தைச் சாராமல் ஓடும்.

ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, விசிறி எத்தனை அங்குலம் என்பதல்ல. வண்டி எப்போது சூடாகிறது என்பது. நெரிசலில் சூடாகி, நகர்ந்ததும் இறங்கினால் விசிறி போதவில்லை என்று பொருள். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் முள் ஏறினால் எந்த விசிறியும் காப்பாற்றாது. அப்போது குற்றவாளி வேறெங்கோ இருக்கிறார்: பாதி அடைத்துப்போன ரேடியேட்டர், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட், பிசகிய இக்னிஷன் டைமிங். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் பெரிய விசிறியாக வாங்கி மாட்டுவதில்தான் பணமும் பொறுமையும் வீணாகின்றன. முதலில் ரேடியேட்டர், அப்புறம் விசிறி. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். 12 அங்குல விசிறி நிமிடத்துக்கு ஆயிரம் கன அடிக்கு மேல், 16 அங்குலம் 2,000 கன அடி என்பதெல்லாம் பெரும்பாலும் வெட்டவெளியில் அளந்தவை. ரேடியேட்டரின் அடர்ந்த இதழ்களுக்குள்ளே காற்றைத் தள்ளவோ இழுக்கவோ நேரும்போது அந்த எண் சுருங்கிவிடும். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று இழுக்கும் விசிறி, முன்னால் நின்று தள்ளும் விசிறியைவிட நன்றாக வேலை செய்யும். ஓட்டத்தில் வரும் காற்றையும் மறைக்காது. ஆனால் பின்னால் இடம் வேண்டும். வி8 மாற்றிய வண்டியில் இரண்டு அங்குலம்கூட மிச்சமில்லாமல் போகலாம். அப்போது தள்ளும் விசிறிதான் கதி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சதுரத்துக்குள் வரைந்த வட்டம் அதன் பரப்பில் 78 சதவீதத்தைத்தான் மூடும். அகலமும் குட்டையுமான ரேடியேட்டரில் ஒற்றை விசிறி அதையும் மூடாது. மூலைகள் சும்மா கிடக்கும். இரண்டு விசிறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும், பின்புறம் முழுக்க மூடும் தகட்டு உறை ஒன்று செய்து காற்றை எல்லா மூலையிலிருந்தும் இழுப்பதும் இதற்காகத்தான். உறையில் ரப்பர் மடல்கள் வைக்க மறந்தால் வேறொரு வம்பு: வேகத்தில் வரும் காற்று விசிறி ஓட்டை வழியாக மட்டுமே வெளியேற வேண்டியிருப்பதால் திணறும். நிற்கும்போது மூடியும் ஓடும்போது திறந்தும் கொடுக்கும் அந்த மடல்கள் சின்னச் சமாசாரம், ஆனால் நெடுஞ்சாலையில் முள்ளைப் பிடித்து வைப்பவை.

அடுத்தது மின்சாரம். பழைய வண்டிகளில் கை சுடுவது பெரும்பாலும் இங்கேதான். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் இருந்தது லூகாஸ் சி40 டைனமோ. முழு வேகத்தில் அது கொடுப்பதே 22 ஆம்பியர், ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர், வைப்பருக்கும் இக்னிஷனுக்கும் சில ஆம்பியர், அதற்கு மேல் 20 ஆம்பியர் விசிறி. மழை இரவில் நெரிசலில் மாட்டினால் அந்த வண்டி பேட்டரியைத் தின்றுதான் உயிர்வாழும். பெரிய விசிறி வேண்டும் என்றால் ஆல்டர்னேட்டர் மாற்றத்தையும் அதே பட்டியலில் எழுத வேண்டும். கூடவே தடித்த வயர், நல்ல எர்த், ரிலே, தனி ஃபியூஸ். விசிறி கிளம்பும் கணத்தில் ஓடும்போதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இரண்டு விசிறிகள் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்புவது நல்லது. மெல்லிய வயரில் மின்னழுத்தம் சரிந்தால், காசு கொடுத்து வாங்கிய கன அடியெல்லாம் வயரைச் சூடாக்கவே செலவாகும்.

விசிறியை எப்போது போடுவது என்று தீர்மானிக்கும் வெப்ப சுவிட்சிலும் கவனம் வேண்டும். எஞ்சினிலிருந்து சூடான நீர் வரும் பக்கத்தில் வைத்தால், சுவிட்ச் இயங்கும் வெப்பநிலை தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு மேலே இருக்க வேண்டும். 88 டிகிரி தெர்மோஸ்டாட்டுடன் 82 டிகிரி சுவிட்சைச் சேர்த்தால் எஞ்சின் சூடேறிய பிறகு விசிறி நிற்கவே நிற்காது. குளிர்ந்த நீர் வெளியேறும் பக்கத்தில் வைத்தால் கணக்கு வேறு, குறைந்த டிகிரி சுவிட்ச் தேவைப்படும். ரேடியேட்டர் இதழ்களுக்கு ஊடே பிளாஸ்டிக் பட்டை செருகி விசிறியைக் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அதிர்வில் உராய்ந்து உராய்ந்து குழாயில் பொத்தல் விழும். சட்டத்தோடு தகடு வைத்துப் போல்ட் போடுவது அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

இன்னொரு கண்ணி, 1967 வரையிலான எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். விசிறியின் கறுப்பு வயரை வழக்கம்போல பாடியில் கொடுத்தால் அது தலைகீழாகச் சுழலும். சத்தம் வரும், காற்றும் வரும், ஆனால் எதிர்த்திசையில். ஓட்டக் காற்றோடு மல்லுக்கட்டும். வேலை முடிந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, விசிறி தானாகக் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பியதும் ஒரு செய்தித்தாள் பக்கத்தை முன் கிரில்லின் மேல் பிடிக்கலாம். கையை எடுத்தபின்னும் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டு நின்றால் வயர் சரி. பறந்து முகத்தில் விழுந்தால் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும்.