நெடுந்தீவுக்குப் புறப்படுவோருக்கு

விடுமுறைக் காலம் வந்துவிட்டால் நெடுந்தீவைப் பார்த்துவர வேண்டுமென்ற ஆவல் பலருக்கும் உண்டாகிறது. பாடசாலைச் சுற்றுலாக் குழுவினரும், பிறநாடுகளிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் செல்லும் குடும்பத்தினரும் குறிகட்டுவான் துறையிற் காலையிலேயே கூடிவிடுகின்றனர். அங்கே காணத்தக்கவை எவை என்று சொல்லப் பலர் இருக்கின்றார்கள். எவ்வாறு போய்வருவது என்று சொல்பவர் குறைவு. ஆதலால் இவ்வாரம் அதனையே எழுத எண்ணினோம்.

நெடுந்தீவிலே இரண்டு பொருள்களுக்கு என்றும் தட்டுப்பாடு. ஒன்று படகில் இடம், மற்றது நன்னீர். விருந்தினராகச் செல்லும் நாம் இவ்விரண்டிலும் தீவு மக்களின் பங்கைக் குறைக்காமல் மீண்டு வருதல் வேண்டும். ஏனைய யோசனைகள் யாவும் இதற்குப் பின்னரே.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைய பஸ் வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அதே துறையிலிருந்துதான் நயினாதீவுப் படகுகளும் புறப்படுகின்றன. நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் கூட்டத்தோடு கலந்து, படகு மாறி ஏறிவிடாமற் பார்த்துக்கொள்க. நயினாதீவு சிறிது நேரப் பயணம். நெடுந்தீவுக்கோ ஒரு மணி நேரமளவு கடலில் இருக்க வேண்டும். படகு புறப்படும் வேளைகள் மாறக்கூடியவை. முதல்நாளே விசாரித்தல் நன்று. போகும் வேளையைக் காட்டிலும் திரும்பும் வேளையை முதலிற் கேட்டறிக.

நம் முன்னோர் காற்றுகளுக்கு வெவ்வேறு பெயரிட்டது வீணுக்கன்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை வீசும் சோழகம் புங்குடுதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடலைக் கொந்தளிக்கச் செய்யும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் மழையும். இவ்விரு பருவங்களிலும் படகுச் சேவை தடைப்படுவதுண்டு. தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரையுள்ள காலமே உகந்தது. அப்பொழுது கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மாரி மழையால் முளைத்த புல்லும் சில குளங்களில் நீரும் எஞ்சியிருக்கும். சித்திரையில் விடுமுறை கிடைக்கிறதென்று குழந்தைகளையும் முதியோரையும் அந்த வெயிலில் இழுத்துச் செல்வதை யாம் ஆதரிக்க மாட்டோம்.

படகில் உயிர்காப்பு அங்கி தந்தால் அணிந்துகொள்க. பக்கத்தில் இருக்கும் தீவுக்காரர் அணியவில்லையே என்று பார்க்க வேண்டாம்; அவர் கடலோடு வளர்ந்தவர். பயணத்துக்குமுன் வயிறு புடைக்க உண்பதும் கூடாது.

அந்தத் தீவுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் படகு ஓர் உல்லாசம். அவருக்கு அது பெருந்தெரு. கந்தோர் அலுவலுக்கும் சந்தைக்கும் அவர் கடல் கடந்தே வரவேண்டும். தீவில் வைத்தியசாலை உண்டெனினும், நோய் முற்றியவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப் படகையே நம்ப வேண்டியிருக்கிறது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, குமுதினி என்னும் படகில் வந்துகொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் நினைவாக எழுப்பப்பட்ட தூபி மாவிலித்துறையில் இருக்கிறது. இறங்கியவுடன் கூச்சலிட்டுப் படம் எடுக்கத் தொடங்கும் மாணவருக்கு, அங்கே சிறிது நேரம் நின்று இந்த வரலாற்றைச் சொல்வது ஆசிரியரின் கடன். ஐம்பது மாணவர் ஒருங்கே படகை நிறைத்து, மருந்துப் பையோடு வந்த கிழவியைக் கரையில் நிற்கவிடுவதும் முறையன்று. பெருங்குழுவாயின் தனிப்படகு அமர்த்துக. இயலாவிடின் நீண்ட விடுமுறை நாட்களைத் தவிர்த்து, குழுவைச் சிறிதாக்குக.

இனி நீரைப் பற்றி. நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தட்டையான சுண்ணக்கல் நிலம். ஆறில்லை, மலையில்லை. மாரியிற் பெய்யும் மழை கல்லின் இடுக்குகளூடாகக் கீழிறங்கி, நிலத்தடியில் உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரிலும் பாரங் குறைந்தது என்பதனால் நிகழும் அற்புதம் இது. கிணற்றில் அளவோடு அள்ளினால் இனிய நீர் கிடைக்கும். மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிக்கப் பல மாரிகள் வேண்டியிருக்கும். தீவெங்கும் கிணறுகள் இருந்தும், சாராப்பிட்டி போன்ற சில இடங்களின் நன்னீரை மக்கள் பொன்போலப் போற்றுவது இதனாலேயே. வறண்ட ஆண்டுகளில் மட்டக் குதிரைகளும் மாடுகளும் தாகத்தால் மடிந்த செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் படித்திருக்கின்றோம்.

எனவே ஒருவருக்கு மூன்று லீற்றர் குடிநீராவது கையோடு கொண்டுசெல்க. கடலிற் குளித்துவிட்டு வீட்டுக் கிணற்றடியில் உப்புப்போக வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தை நெடுந்தீவில் மறந்துவிடுக. கேட்டால் அவர்கள் மறுக்கமாட்டார்கள். அதனாலேயே கேட்கக் கூடாது. வெறும் பிளாஸ்ரிக் போத்தல்களையும் பைகளையும் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு எடுத்துச் செல்க. குதிரையும் மாடும் மேயும் வெளியில் எறியப்படும் பை அவற்றின் வயிற்றுக்குட் போய்ச் சேரும்.

தீவுக்குள் முச்சக்கர வண்டி வாடகைக்குக் கிடைக்கும். ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்க. நடந்தே பார்க்கலாம் என்று துணியும் இளைஞர், தெற்கிலும் மேற்கிலும் நிழல் அரிது என்பதை அறிக. குதிரைகள் மேயும் வெளிகளை உள்ளடக்கி 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. படத்துக்காக அவற்றைத் துரத்துவதும், குட்டிக்கும் தாய்க்கும் நடுவே புகுவதும் வேண்டாம்; உதை பொல்லாதது. சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் வேலிகளில் ஏறினால் கற்கள் சரியும். ஒல்லாந்தர் நம் தீவுகளுக்கெல்லாம் தம் ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணைக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் பெயர். இன்று அவற்றுள் டெல்ப்ற் என்ற ஒன்றே மக்கள் வாயில் நிலைத்திருக்கிறது.

பொந்துடைய பெருக்கு மரத்தினுள் நுழைந்து பார்க்கத் தடையில்லை. அப்பியாசக் கொப்பியிற் பெயரெழுத மறக்கும் மாணவர், இம்மரத்தில் மட்டும் கத்தியெடுத்துப் பெயர் பொறிக்க மறப்பதில்லை! ஆசிரியர்கள் புறப்படுமுன் கத்திகளை வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

மதிய உணவை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவ்வூரவரே சமைத்துத் தருவர். அதனால் அவர்களுக்கும் நாலு காசு சேரும். கடலில் இறங்குவோர் செருப்பைக் கழற்றாதிருக்க. அடியில் உள்ள கல் கூரியது.

கடைசிப் படகுக்கு அரை மணி முன்னரே துறைக்கு வந்துவிடுக. நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர் ஒருநாட் பயணமே ஆயினும் இரண்டு நாளைக்குரிய மாத்திரைகளைக் கொண்டுசெல்வது அவசியம். மாலையிற் காற்று எழும்பிப் படகு நின்றுவிடின் அன்றிரவு தீவிலேயே தங்க நேரும். அவ்வேளையிற் படகோட்டியோடு வாதாட வேண்டாம்.