வீட்டுமொழி தேய்வது எதனால்?

"பிள்ளைகளின் உருது கெட்டுவிட்டது, தமிழ் புகுந்து கெடுத்துவிட்டது" என்று நம் பெரியவர்கள் வருந்துவதை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் அடிக்கடி கேட்கலாம். வருத்தம் நியாயமானதே. ஆனால் அதற்குக் கூறும் காரணம் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயைத் தவறாக அறிந்தால் மருந்தும் தவறாகிவிடும் அன்றோ!

இவ்வூர்களில் முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் வழங்குவது ஏட்டு உருது அன்று. தக்கனி என்னும் பேச்சுமொழியாகும். 1327இல் முகம்மது பின் துக்ளக் தௌலதாபாத்தைத் தலைநகராக்கியபோது வடபுலத்தார் பலர் தக்காணத்தில் குடியேறினர். அவர்களுடைய பேச்சு மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றோடு பழகிப் புதுவடிவம் பெற்றது. கோல்கொண்டா மன்னர் முகம்மது குலீ குதுப் ஷா அம்மொழியில் கவிதை புனைந்தார். 'வேண்டாம்' என்னும் பொருளில் வழங்கும் 'நக்கோ' மராத்தியின் கொடை. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதை வடபுல உருதுவில் சொன்னால் 'சொன்னான்' முன்வந்து, 'கி' என்னும் இணைப்புச்சொல்லை அடுத்துச் செய்தி வரும். தக்கனியிலோ செய்தி முன்வந்து 'போல்கே' பின்வரும். நம் 'என்று' நிற்கும் இடமும் அதுவே. ஆகவே, எந்த மொழி கெட்டுவிட்டதென்று முதியோர் கவல்கின்றனரோ, அம்மொழியே கலப்பில் பிறந்து கலப்பில் வளர்ந்தது என்பது வெளிப்படை. தமிழும் வக்கீல், வசூல், ஜாமீன், ரசீது, பாக்கி முதலிய சொற்களை ஏற்றது. அதனால் அது அழிந்துவிடவில்லை.

அவ்வாறாயின் வீட்டுமொழி தேய்வது எதனால்? இருவகை மாற்றங்களை நாம் பிரித்தறிதல் வேண்டும். பிறமொழிச் சொல்லும் தொடரமைப்பும் வந்து சேர்வது கலப்பு. மொழி வழங்கும் இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவது சுருக்கம். முன்னது மொழியின் உருவை மாற்றும். பின்னதோ அதன் உயிரையே மாய்க்கும்.

ஐந்து வயது வரை அன்னையின் மொழியிலேயே வளர்ந்த குழந்தை பள்ளி புகுந்தபின், கணக்கையும் அறிவியலையும் தமிழிலோ ஆங்கிலத்திலோ கற்கிறது. அடுக்களைக்கும் உறவுமுறைக்கும் உரிய சொற்கள் வீட்டுமொழியில் நிற்கின்றன. ஒளிச்சேர்க்கைக்கும் வட்டிக்கணக்கிற்கும் உரிய சொற்கள் வேறுமொழியில் அமைகின்றன. அப்பிள்ளை பேச்சின் நடுவே தமிழ்ச்சொல்லை எடுத்தாண்டால், 'தாய்மொழியை மறந்துவிட்டான்' என்கிறோம். அவன் மறக்கவில்லை, அச்சொல்லை வீட்டுமொழியில் அவனுக்கு எவரும் கற்பிக்கவே இல்லை.

முற்றிலும் மறப்பதும் உண்டு. பிரான்சு நாட்டு ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைக் காட்டுகிறது. மூன்று முதல் எட்டு வயதிற்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்து வந்த கொரியக் குழந்தைகள், வளர்ந்தபின் கொரிய மொழித் தொடர்களை அடையாளம் காணவும் இயலாதவராயினர். ஆயினும் நெதர்லாந்தில் நடந்து 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அத்தகைய தத்துப்பிள்ளைகள் கொரிய ஒலிகளைப் பயிற்சியால் மீளக் கற்றபோது, அம்மொழியை என்றுமே கேட்டறியாத டச்சுக்காரரைவிட நன்கு ஒலித்தனர். இளமையில் கேட்ட மொழி நீறுபூத்த நெருப்பாக உள்ளே கிடக்கிறது. ஊதுவார் இருந்தால் மீண்டும் ஒளிவிடும். வளர்ந்தபின் வேற்றுமொழிச் சூழலுக்குச் சென்றோர்க்கு இத்துணை இழப்பு நேர்வதில்லை. சொல் நாவிற்கு வரத் தாமதமாகலாம். இலக்கணம் எளிதில் குலையாது. எனவே வீட்டுமொழி நிலைபெறுவதும் நிலைகுலைவதும் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில்தான் எனலாம்.

அப்பருவத்தில் நாம் செய்வது என்ன? நகைக்கிறோம்! ஐதராபாத்திலிருந்து வந்த உறவினர் பிள்ளையின் தக்கனியைக் கேட்டுச் சிரிக்கிறார். வகுப்பில் அவனது தமிழ் உச்சரிப்பைக் கேட்டு உடன்பயில்வோர் சிரிக்கின்றனர். இருபுறமும் நாணமுற்ற பிள்ளை, தன் எதிர்காலத்திற்கு எது உதவுமோ அதனைப் பற்றிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறான். பாட்டி தக்கனியில் வினவ, பேரன் தமிழில் விடையிறுக்கிறான். அவன் தந்தையாகும்போது வினவுவதற்கும் அம்மொழி இராது. கலந்து பேசும் பிள்ளையால் மொழி அழிவதில்லை. பேசாது வாய்மூடிய பிள்ளையோடுதான் அது முடிகிறது.

இந்நிலை உருது பேசும் இல்லங்களுக்கே உரியதன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வழிவழியாகத் தமிழே வீட்டுமொழி. 'வாப்பா', 'உம்மா' என்னும் அழைப்புகளும், குழம்பைக் குறிக்கும் 'ஆணம்' என்னும் பழஞ்சொல்லும் அங்கே வாழ்ந்து வருகின்றன. அத்தகைய இல்லங்களிலும் 'டாடி', 'மம்மி' நுழைந்தால் யாரைப் பழிப்பது? தமிழைத் தக்கனிக்குப் பகையென்று கருதுவோர் இதனைச் சிந்தித்தல் நலம்.

'அப்படியானால் செம்மையான மொழி வேண்டாவா?' என்று சிலர் வினவலாம். வேண்டும். ஏட்டு உருதுவும் செந்தமிழும் முயன்று கற்கத் தக்கனவே. ஆயினும் அவை வீட்டுமொழியின்மேல் எழும் மாடங்கள். அடித்தளத்தை இடித்துவிட்டு மாடம் எழுப்புவார் உண்டோ?

பெற்றோர் செய்யத்தக்கது எளியது. பிள்ளை தமிழில் விடை கூறினாலும் வீட்டுமொழியிலேயே உரையாடலைத் தொடருங்கள். பிழையைச் சுட்டி நகையாமல், திருந்திய வடிவை நீங்களே ஒருமுறை இயல்பாகச் சொல்லிக் காட்டுங்கள். மாணவர்களே! பாட்டிமார் கூறும் விடுகதை, தாலாட்டு, பழமொழி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். உருது எழுத்து அறியாதோர் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். அரபுச் சொற்களைத் தமிழோடு கலந்து அரபு எழுத்தில் நூல்கள் இயற்றிய முன்னோரின் வழிவந்தோர்க்கு, ஒரு மொழியை மற்றொன்றின் எழுத்தில் காப்பது புதியதன்று. நம் தமிழ்த்துறையும் இத்தொகுப்புப் பணியை மாணவர் திட்டமாக மேற்கொள்ளலாம். பாட்டிமார் இருக்கும்போதே இது நடைபெற வேண்டும்.