காக்கையையும் எழுதுங்கள்!

"காக்கையை எண்ணி என்ன லாபம்?" என்று பலர் கேட்கிறார்கள்.

லாபம் உண்டு. பெரிய லாபம் உண்டு!

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிப் பறவைகளை எண்ணுகிறார்கள். எண்ணுவது யார்? பொதுமக்கள்தான். மாணவர்கள் எண்ணுகிறார்கள். குடும்பத்தலைவிகளும் எண்ணுகிறார்கள்.

ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நிற்க வேண்டும். எந்தப் பறவை, எத்தனை என்று குறிக்க வேண்டும். இடம், நாள், நேரம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அது "இ-பேர்ட்" என்ற கணக்கில் சேரும். 2002-ல் அமெரிக்காவில் தொடங்கிய கணக்கு இது. இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

இதில் ஒரு கேள்வி வரும். "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா?"

இந்தக் கேள்விதான் உயிர்நாடி!

ஒருவர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நிற்கிறார். மயிலை மட்டும் எழுதுகிறார். அங்கே சிட்டுக்குருவி இல்லையா? இருந்தும் எழுதவில்லையா? யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும் எழுதினால், எழுதாத பறவையை அவர் காணவில்லை என்று பொருள். எந்தப் பறவை குறைகிறது என்பது அப்படித்தான் தெரியவரும்.

சிட்டுக்குருவி நாடெங்கும் அழிகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. 2020-ல் வந்த இந்தியப் பறவைகள் அறிக்கை என்ன சொன்னது? பெரிய நகரங்களில் குறைந்துள்ளது. நாடு முழுவதும் பார்த்தால் அவ்வளவு மாற்றம் இல்லை என்றது!

2023-ல் அடுத்த அறிக்கை வந்தது. சுமார் 30,000 பேர் எழுதிய 3 கோடிப் பதிவுகள் அதற்கு ஆதாரம். யாரும் கவலைப்படாத பனங்காடை குறைந்து வருவதை அது காட்டியது.

வதந்தி ஒரு பறவைக்காக அழுதது. கணக்கு இன்னொரு பறவையைக் காட்டிக்கொடுத்தது!

ஆகவே கணக்கில் பொய் கூடாது. வழக்கத்துக்கு மாறான பறவையை எழுதினால், அந்த வட்டாரத்துப் பறவைகளை அறிந்தவர்கள் விளக்கம் கேட்பார்கள். படம் இருக்கிறதா என்பார்கள். சிலருக்குக் கோபம் வருகிறது. கோபம் எதற்கு? கடைக்காரர் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

அடையாளம் தெரியாவிட்டால் ஊகித்துப் பெயர் போடாதீர்கள். தெரியாததை விட்டுவிடுவது குற்றமல்ல. தெரிந்த காக்கையை விடுவதுதான் குற்றம்!

இன்று சாதாரணமாக இருப்பது நாளை அரிதாகலாம். அப்போது பழைய கணக்கைத் தேடுவார்கள். அது இருக்க வேண்டுமானால், இன்றே எழுதுங்கள்!