எங்கள் கண் உங்கள் தர்மக் கணக்கு அல்ல

அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் ஆஸ்பத்திரி போர்டும் கண்ணாடிக்கடை போர்டும்தான் கண்ணில் படும். அந்தப் போர்டுகளுக்குக் கீழேதான் என் அம்மா ஏற்காடு ரோட்டுப் பக்கமிருந்து வேலை முடிந்து நடந்து வருவாள். வலது கண்ணில் பூ விழுந்தவள். ஒரு போர்டும் அவளுக்காக எழுதப்பட்டதல்ல. எழுதியிருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது.

1980களில் அம்மா வெள்ளைக்கல் உடைத்தாள். சேலத்து மேக்னசைட். எஃகு உலைக்குள் வைக்கிற செங்கல்லுக்குப் போகிற கல். குவியல் கணக்கில் கூலி. ஒருநாள் சில்லு தெறித்து வலது கண்ணில் அடித்தது. "கண்ணைக் கசக்காத, தண்ணி விட்டுக் கழுவு" என்று சொல்லிட்டு மேஸ்திரி போயிட்டான். பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விட்டாள். ஓர் ஆயா நாக்கால் தடவிப் பார்த்தாள். அன்றைக்குச் செவ்வாய். சனிக்கிழமைதான் பட்டுவாடா. வேலையை விட்டால் அந்த வாரக் கூலியே தகராறு ஆகும். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் புண். "ஏம்மா இவ்வளவு நாள் வரல? உங்க ஆளுங்களுக்கு அறிவே இல்ல" என்றார் டாக்டர்.

அறிவில்லாமல் அல்ல அய்யா. லீவு இல்லாமல்.

அன்றைக்கு இருந்த 1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டம் கண்ணுக்குக் கணக்கு எழுதி வைத்திருந்தது. வேலையில் ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதம் போனதாகக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்குள் நுழைய மஸ்டர்ரோலில் பெயர் வேண்டும். அம்மாவின் பெயர் மேஸ்திரியின் வாயில் இருந்தது, காகிதத்தில் இல்லை. ஊர்க்காரர்கள் போன ஜென்மத்துப் பாவம் என்றார்கள். கல்லுடைக்கப் போன சேரிக்காரிக்கு மட்டும் பாவம் சில்லாகத் தெறித்து வருமா? குவாரி முதலாளியின் கண்ணில் ஏன் தெறிக்கவில்லை?

பல வருஷம் கழித்து மிச்சமிருந்த இடது கண்ணிலும் புரை வந்தது. யாரோ பெரிய மனிதரின் பிறந்தநாளுக்கு இலவச முகாம். நெற்றியில் நம்பர் ஒட்டினார்கள். பச்சைத் துணி கட்டிய கண்ணோடு வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். "அய்யாவுக்கு ஒரு கும்புடு போடு ஆயா" என்றான் ஒருத்தன். அம்மா கையைத் தூக்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: "கல்லு தெறிச்சப்ப ஒரு அய்யாவும் வரல கண்ணு. இப்ப கும்புடு மட்டும் எதுக்கு?"

அந்த அறுவையால் அம்மாவுக்குப் பார்வை வந்தது. அதை மறைக்க மாட்டேன். கூட்டிப் போக நான் மூன்று நாள் கூலியை விட்டேன். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு கடன். இதுதான் 'இலவசம்'.

விலையைப் பற்றிப் பேசுவோம். 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்சை வைத்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நம் ஏழைக்குப் புரை அறுவை என்றால் சோடாப்புட்டிக் கண்ணாடிதான். கண்ணாடி உடைந்தால் மறுபடி குருடு. லென்ஸ் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் அதே லென்சைச் செய்யத் தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு இறக்கியது. பிறகு இன்னும் இறங்கியது. அப்படியானால் அதுவரை நம் கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே நின்றது விஞ்ஞானம் அல்ல, விலைச் சீட்டு. விலை விதியல்ல, மனிதன் போடுவது. மனிதன் மாற்றலாம்.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அது. காசு கொடுப்பவரின் பணத்தில் காசில்லாதவருக்கும் அறுவை என்று நடத்திக் காட்டியது. அங்கேயும் ஒரு பாடம் கிடைத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 1999-இல் வெளிவந்தது. கண் கோளாறு உள்ளவர்களில் 100க்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு என்று காரணங்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தரப் பார்வை மையம் என்ற யோசனை வளர்ந்தது. என் அம்மாவைக் கேட்டிருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது.

எண்ணிக்கைக்காக நடத்தினால் முகாம் என்ன ஆகும்? 2008-இல் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து முகாம் மூலம் கூட்டிப் போகப்பட்டவர்களில் 66 பேர் அறுவைக்குப் பின் பார்வை இழந்தார்கள். தர்மத்துக்குப் போனவன் கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் தர்மத்தின் முதல் விதி. அதனால்தான் எங்களுக்குத் தர்மம் வேண்டாம் என்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரியில் புரை அறுவை இலவசம் என்று சிலர் சொல்வார்கள். சரி. பார்வையிழப்புத் தடுப்புக்கு 1976-லேயே தேசியத் திட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2015-19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயது தாண்டிய பார்வையற்றவர்களில் 66 சதத்துக்கு இன்னும் புரைதான் காரணம். அறுத்தால் சரியாகிற நோய் இது! திட்டம் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்திருக்கிறது. சேரி வாசலுக்கு வரவில்லை.

நம் ஆட்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. படி, படி என்று இரவுப் பள்ளி நடத்துகிறோம். கரும்பலகை தெரியாத பிள்ளையை மக்கு என்று வாத்தியார் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுவதை எத்தனை தோழர்கள் தட்டிக் கேட்டோம்? பாபாசாகேப் கடைசி வருஷங்களில் சர்க்கரை நோயோடும் மங்கும் பார்வையோடும் போராடிக்கொண்டுதான் எழுதினார். அவர் படத்தை மாட்டுகிறோம். சங்கத்துச் சுவரில் கண் பரிசோதனை அட்டை ஒன்று மாட்டினோமா? சேலத்தில் கொலுசுக்குப் பற்று வைப்பவருக்கும் தறியில் இழை முடிபவருக்கும் 40 வயது தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். "கை ஓடல" என்று முதலாளி கூலியைக் குறைப்பான். கை அல்ல, கண். அசாம் தேயிலைத் தோட்டத்தில் வாசிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. கொடுக்காதவர்களைவிட, கொடுத்தவர்கள் பறித்த இலையின் அளவு 20 சதத்துக்கு மேல் கூடியிருந்தது. அப்படியானால் கண்ணாடி மருத்துவச் செலவு மட்டுமல்ல, கூலிப் பிரச்சினை. சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டியது.

ஆகவே கேட்கிறோம். கல்லுடைக்கிற, பற்று வைக்கிற, வெல்டிங் அடிக்கிற எல்லா இடத்திலும் முதலாளி செலவில் பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணில் அடிபட்ட அன்றைக்கே வைத்தியம், அந்த நாட்களுக்கு முழுக் கூலி. ஒவ்வொரு சேரிக்கும் நடந்து போகிற தூரத்தில் நிரந்தரக் கண் மையம், அதில் வேலைக்கு எங்கள் பெண்கள். அறுவைக்குப் போகிறவருக்கும் கூடப் போகிறவருக்கும் கூலி ஈடு. நெற்றியில் நம்பர் ஒட்டாதே. படம் எடுக்காதே.

அம்மா இப்போது இல்லை. கடைசி வரைக்கும் இடது கண்ணால் அரிசியில் கல் பொறுக்கினாள். வலது பக்கம் யாராவது வந்து நின்றால் தெரியாது, திரும்பித்தான் பார்ப்பாள். அந்தப் பக்கத்தில் நின்று போனவர்களின் பட்டியல்தான் இந்தக் கட்டுரை: மேஸ்திரி, முதலாளி, சட்டம், பிறந்தநாள் அய்யா. கொஞ்ச காலம் நாமும்.